சுவரில் தொங்கும் அன்றாடம்: பாப் கலை அச்சுகளும் காஹாங் வீட்டு நாட்காட்டிகளும்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், பத்து பஹாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங்குக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் காஹாங். எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா நுழைவாயிலுக்குச் செல்வோர் இவ்வூர் வழியாகவே காட்டுப் பாதைக்குத் திரும்புவர். ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களும் பெல்டா குடியேற்றத் திட்டங்களும் பரந்து கிடக்கின்றன. ஓவியக் கூடங்களோடும் ஏல விற்பனைகளோடும் எவரும் தொடர்புபடுத்தாத இவ்வூரை முன்வைத்துப் பாப் கலை அச்சுகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

பாப் கலை எனப்படும் வெகுமக்கள் கலை, கடையில் வாங்கி வீட்டில் தீர்த்துவிடும் பொருள்களைக் கலைப்பொருளாக்கிச் சுவரில் ஏற்றியது. அவ்வகை அச்சுகளைச் சேகரிப்பது இன்று உலகெங்கும் மதிப்பும் வணிகமும் வாய்ந்த பழக்கமாகியுள்ளது. நம் நாட்டிலும் சேவல் கிண்ணம், மைலோ டின், எனாமல் அடுக்குப் பாத்திரம், 555 குறிப்புப் புத்தகம் முதலியவற்றின் படங்கள் நினைவுப்பொருள் கடைகளிலும் உணவகச் சுவர்களிலும் காணக் கிடைக்கின்றன. அதே வேளையில், கடைக்காரர் இலவசமாகத் தந்த அச்சுப் படங்களைத் தலைமுறைகளாகத் தம் சுவர்களில் தொங்கவிட்டு வாழ்ந்த தோட்டப்புறத் தமிழரின் படங்கள் குப்பையோடு குப்பையாகச் சென்றுகொண்டிருக்கின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு சேகரிப்பை அது எதை வைத்துக்கொள்கிறது என்பதைக் கொண்டு மட்டுமன்றி, எதை வெட்டிக் களைகிறது என்பதைக் கொண்டும் மதிப்பிட வேண்டும் என்பது நமது துணிபு.

தகர டின்னும் வெள்ளைப் பின்னணியும்

1957ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன், கட்டடக் கலைஞர்களான நண்பர்களுக்கு எழுதிய மடலொன்றில் பாப் கலையின் இயல்புகளைப் பட்டியலிட்டார். மலிவு, நிலையாமை, பெருந்திரள் உற்பத்தி ஆகியன அப்பட்டியலில் அடங்கும். இவ்வியல்புகளைக் கொண்டு நோக்கினால், ஆண்டு முடிந்ததும் பயனற்றுப் போகும் இலவச நாட்காட்டியைவிடப் பொருத்தமான பாப் கலைப்பொருள் வேறொன்று இருக்க முடியாது. ஆயின், வரலாறு வேறு திசையில் சென்றது.

1962ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள பெரஸ் கலைக்கூடத்தில் ஆண்டி வார்ஹாலின் 32 ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் கேம்பெல் நிறுவனத்தின் ஒவ்வொரு வகைச் சூப் டின்னைக் காட்டியது. மளிகைக் கடையில் அடுக்குவதுபோலவே அவை ஒரு நீண்ட தட்டின்மேல் வரிசையாக நிறுத்தப்பட்டன. ஒன்றின் விலை 100 டாலர். விற்றவை மிகச் சிலவே. கலைக்கூட உரிமையாளர் இர்விங் பிளம், விற்றவற்றையும் திரும்பப் பெற்று, 32 ஓவியங்களையும் ஒரே தொகுதியாகத் தாமே வைத்துக்கொள்ள முடிவுசெய்தார். அதற்காக அவர் ஓவியருக்குக் கொடுத்தது 1,000 டாலர். அதுவும் மாதத் தவணையில். அத்தொகுதி 1996இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தபோது அதன் மதிப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது.

பிளம் செய்த செயலில் சேகரிப்பின் அடிப்படைப் பண்பு ஒன்று விளங்குகிறது. தனித்தனியே நின்றால் வேடிக்கையாகத் தோன்றக்கூடிய 32 படங்கள், ஒன்றாக நின்றபோது ஒரு காலத்தின் உணவுப் பழக்கத்தையும் கடைத் தட்டையும் உணர்த்தின. பிரிக்காமல் வைத்ததே அவருடைய பங்களிப்பு எனலாம். அத்தொகுதி பெரும்பாலும் கையால் தீட்டப்பட்டது. பின்னர் 1968இல் வார்ஹால் அதே சூப் டின்களைப் பட்டுத்திரை அச்சில் பத்துப் படங்கள் கொண்ட தொகுதியாக 250 படிகள் வெளியிட்டார். இன்று ‘பாப் கலை அச்சு’ என்றவுடன் சேகரிப்பாளர் நினைவுக்கு வருவன இவையே.

இவ்வோவியங்களில் டின்னைச் சுற்றி இருப்பது வெறும் வெள்ளைப் பின்னணி. கடைத் தட்டு இல்லை. விலைச் சீட்டு இல்லை. சூப்பைக் குடித்தவர் இல்லை. அந்த வெறுமையே நம்மை டின்னை உற்றுநோக்கச் செய்கிறது என்பதையும், அன்றாடப் பொருளின் வடிவழகைக் காணும் கண்ணை உலகுக்குத் தந்தவர் வார்ஹால் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கண் பெற்றதற்கு ஒரு விலையும் உண்டு. 1964இல் நியூயார்க்கின் ஸ்டேபிள் கலைக்கூடத்தில் வார்ஹால் வைத்த பிரில்லோ பெட்டிகளைக் கண்ட மெய்யியலாளர் ஆர்தர் டான்டோ, கடையிலுள்ள பெட்டிக்கும் கலைக்கூடத்திலுள்ள பெட்டிக்கும் என்ன வேறுபாடு என வினவினார். கலை மெய்யியலில் அவ்வினா பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது. அந்தப் பெட்டியை முதன்முதலில் வடிவமைத்தவரோ ஜேம்ஸ் ஹார்வி என்னும் மற்றோர் ஓவியர். அருவ ஓவியங்கள் தீட்டிய அவர், வயிற்றுப்பாட்டுக்காகப் பொருள்களின் பொதிகளை வடிவமைத்தார். 1965இல் அவர் மறைந்தார். பெட்டி புகழ்பெற்றது, வரைந்தவர் பெயர் நெடுங்காலம் பேசப்படவில்லை. இதனை இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு நினைவில் வைத்துக்கொள்வோம்.

சிவகாசியிலிருந்து வந்த படங்கள்

தமிழர் சுவர்களுக்கு வந்த அச்சுப் படங்களின் வரலாறு வேறு. அதன் முற்பகுதி இராஜா இரவிவர்மாவோடு தொடங்குகிறது. 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகம், அரண்மனைகளுக்கு எனத் தீட்டப்பட்ட தெய்வ உருவங்களை எளியோர் வாங்கும் வண்ண அச்சுகளாக்கியது. பிற்பகுதி சிவகாசியைச் சார்ந்தது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்குமேல் ஒட்டப் படம் தேவைப்பட்டது. அப்படத்தை அச்சிட அச்சகம் தேவைப்பட்டது. நாட்டின் பெரிய அச்சு மையங்களுள் ஒன்றாக அவ்வூர் வளர்ந்ததற்கு அடிப்படை, விரல் நீளமுள்ள அந்தத் தீப்பெட்டிப் படமே என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படங்களில் தெய்வங்களும் தலைவர்களும் இடம்பெற்றனர். அவர்களுக்கு நிகராகப் பூட்டு, சாவி, குடை, கப்பல், கடிகாரம் போன்ற எளிய பொருள்களும் இடம்பெற்றன. எழுத்தறியாதவரும் பொருளைக் கேட்டு வாங்க இவை உதவின. தமிழகத்தில் ‘மார்க்’ என்றும் நம் நாட்டில் மலாய்ச் சொல்லால் ‘சாப்’ என்றும் வழங்குவது இதுவே. தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து விளையாடுவது தமிழ்ச் சிறுவரின் பழைய பொழுதுபோக்கு. அன்றாடப் பொருளைப் போற்றும் அச்சுகளைச் சேகரிக்கும் வழக்கம், அப்பெயர் ஏதுமின்றியே நம்மிடம் இருந்தது என்பதற்கு இதுவே சான்றாகும்.

நாட்காட்டிப் படங்களில் தனியிடம் பெற்றவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி வந்தார். அக்குழு கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அங்கு அவர் நடத்திய தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் டி.எஸ். சுப்பையா முதலிய மாணவர்கள் உருவாயினர். பல படங்களில் ஆசிரியர், மாணவர் இருவரின் கையொப்பமும் சேர்ந்தே காணப்படும். மயிலேறிய முருகனும் செந்தாமரை இலக்குமியும் இன்று நம் மனக்கண்ணில் எவ்வுருவில் தோன்றுகின்றனரோ, அவ்வுருவைத் தந்ததில் கோவில்பட்டி ஓவியர்க்குப் பெரும்பங்கு உண்டு. ஸ்டீபன் இங்லிஸ், கிறிஸ்டபர் பின்னி, கஜ்ரி ஜெயின் போன்ற ஆய்வாளர்களின் எழுத்துகள் இத்துறையை உலக ஆய்வரங்கில் நிலைநிறுத்தின. 2007இல் வெளிவந்த கஜ்ரி ஜெயினின் நூல், நாட்காட்டிப் படத்தை வணிக உறவும் பக்தியும் ஒருங்கே இயங்கும் பொருளாகக் காட்டியது.

இவ்வணிக முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஆடிப்பெருக்கையொட்டிச் சிவகாசியில் புதிய நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்பு வெளியிடப்படும். கடைக்காரர் அதில் படத்தைத் தேர்ந்தெடுப்பார். படத்தின்கீழ் வெற்றிடமாக விடப்பட்ட பட்டையில் அவருடைய கடைப் பெயரும் முகவரியும் பின்னர் அச்சேறும். ஆகவே, ஒரே முருகன் ஓராயிரம் கடைகளின் பெயரைச் சுமந்து ஓராயிரம் ஊர்களுக்குச் செல்வான். மலாயாவுக்கும் மலேசியாவுக்கும் வந்த தமிழர் கடை நாட்காட்டிகள் பலவும் இவ்வழியே வந்தவை அல்லது இவ்வழியைப் பின்பற்றி இங்கே அச்சிடப்பட்டவை.

‘சாப்’ உணர்த்தும் உலகம்

காஹாங் வழியே செல்லும் அந்த நெடுஞ்சாலையையே எடுத்துக்கொள்வோம். அதன் மேற்கு முனையிலுள்ள பத்து பஹாட், 1958இல் தொடங்கப்பட்ட ஹப் செங் பிஸ்கட் நிறுவனத்தின் ஊர். அதன் பிஸ்கட்டுக்குப் பெயர் ‘சாப் பிங் பொங்’. சாலையின் நடுவே உள்ள குளுவாங்கில் 1960களில் தோன்றிய காப்பித்தூள் ‘சாப் தெலிவிஷன்’ எனப் பெயர் பெற்றது. மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28இல். தொலைக்காட்சிப் பெட்டி அரிதாக இருந்த காலத்தில் ஒரு காப்பிப் பொட்டலம் அதன் பெயரைத் தாங்கி ஏழைகளின் அடுக்களைக்குள் நுழைந்தது. புதுமைப் பொருளின் மீது மக்களுக்கிருந்த வேட்கையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாப் ஓவியமும் காட்டிவிட இயலாது.

ஆகவே பாப் கலை அச்சுகளை விரும்பும் மலேசியத் தமிழர் ஒருவர் நியூயார்க் டின்னின் மறுபடியைத் தேடிச் செல்லும் முன், தம் பாட்டி வீட்டு அடுக்களையை ஒருமுறை நோக்குவது நன்று. இதனை நாட்டுப்பற்றால் மட்டும் கூறவில்லை. வார்ஹால் செய்ததும் தம் கண்ணெதிரே இருந்த பொருளை நோக்கியதே அல்லவா?

நம் ஓவியரும் இதனை உணராதவரல்லர். 1974இல் கோலாலம்பூரில் டேவான் பஹாசா டான் புஸ்தாகா வளாகத்தில் ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஏசாவும் நடத்திய கண்காட்சி, பாதி குடித்த இரண்டு கொக்கோ கோலா புட்டிகளையும் எரிந்து முடிந்த கொசுவத்திகளையும் பலர் அமர்ந்த ஒரு வெற்று நாற்காலியையும் காட்சிக்கு வைத்தது. எக்கொசுவத்தி எந்த இரவில் எரிந்தது என்னும் குறிப்பும் அதனுடன் இருந்தது. அமெரிக்கப் பாப் கலையிலிருந்து அது வேறுபட்டு நின்ற இடம் இதுதான். பொருளின் பளபளப்பை விடுத்து, பொருள்மீது கழிந்த காலத்தை அது காட்டியது. அதே பியாடாசா பின்னாளில் தம் ‘மலேசியத் தொடர்’ படைப்புகளில் பழைய புகைப்பட நிலையப் படங்களைப் பட்டுத்திரை அச்சாக்கினார். இந்தியாவில், பரோடாவில் கணக்காளராகப் பணியாற்றிக்கொண்டே ஓவியம் தீட்டிய பூபேன் கக்கர் (1934–2003), 1960களில் கடைத்தெருத் தெய்வ அச்சுகளையே வெட்டி ஒட்டித் தம் படைப்புகளை உருவாக்கினார். ஆகவே நாட்காட்டிப் படத்தைக் கலையாகக் காணும் பார்வை நம் பண்பாட்டுக்குள்ளிருந்தே தோன்றியுள்ளது எனலாம்.

மூன்று வெட்டுகள்

காஹாங் வட்டாரத்தில் நாம் கண்ட ஒரு வீட்டைப் பற்றி இங்குச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்தை விட்டு வரிசை வீட்டுக்குக் குடிவந்த குடும்பம் அது. கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட முருகன் படம் ஒன்று இருந்தது. அது ஒரு காலத்தில் நாட்காட்டியாக இருந்தது என்பதை அதன் அளவும் தாளும் காட்டின. கீழ்ப்பட்டை மட்டும் இல்லை. வினவியபோது வீட்டுப் பாட்டி, “சாமி காலுக்குக் கீழ கடைப்பேரு இருந்தா நல்லாவா இருக்கும், தம்பி? அதான் வெட்டிட்டு கண்ணாடி போட்டோம்,” என்றார். எந்தக் கடை என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, “தோட்டத்துக் கடைதான். அந்தக் கடையே இப்ப இல்லையே,” என்றார். படத்தின் கீழ்மூலையில் கையொப்பம் இருக்கிறதா எனப் பார்த்தோம். அதுவும் வெட்டில் போயிருந்தது.

அந்த வெட்டைக் குறைகூற நாம் முன்வரவில்லை. அது பக்தியின் வெட்டு. கடையின் விளம்பரமாக வந்த தாளை அக்கத்தரிக்கோல் தெய்வமாக்கியது. ஒரு பொருள் தன் பயனை மாற்றிக்கொண்டு மேலும் முப்பது ஆண்டுகள் வாழ அதுவே வழிசெய்தது. வெட்டப்படாதிருந்தால் அத்தாள் அவ்வாண்டின் இறுதியிலேயே அடுப்புக்குப் போயிருக்கக்கூடும்.

இரண்டாவது, அலங்கார வணிகத்தின் வெட்டு. நினைவுப்பொருள் விற்போர் பழைய சாப்புகளைக் கறை நீக்கி, கிழிசல் அகற்றி, வண்ணம் கூட்டிப் புதிய தாளில் அச்சிடுகின்றனர். 555 குறிப்புப் புத்தகத்தின் அட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அச்சிறு புத்தகம் மளிகைக் கடைகளில் கடன் கணக்கு எழுதப் பயன்பட்டது. பால்மரம் வெட்டிய குடும்பங்கள் பல, சம்பள நாள் வரை அப்புத்தகத்தை நம்பியே அரிசியும் கருவாடும் வாங்கின. அதன் அட்டையைப் பெரிதாக்கிச் சட்டமிட்டால் அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே இருந்த கடனோ அச்சட்டத்தில் இல்லை. கடனை நினைத்து உறங்காதிருந்தவரின் பேரப்பிள்ளைகள், அக்கடன் ஏட்டின் அட்டையை நல்ல விலை கொடுத்து வாங்கி, அதன் வரலாற்றை அறியாமலே சுவரில் மாட்டுகின்றனர். அழகுணர்வைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் அட்டையை மட்டும் போற்றும் அச்சு, அன்றாட வாழ்வைப் போற்றுவதாகக் கூறிக்கொள்ள இயலாது.

மூன்றாவது, பெயரின் வெட்டு. இதனை எவரும் கத்தரிக்கோல் கொண்டு செய்வதில்லை, மறதியே செய்கிறது. பிரில்லோ பெட்டியை வடிவமைத்த ஜேம்ஸ் ஹார்விக்கு நேர்ந்தது, தீப்பெட்டிப் படத்தையும் பிஸ்கட் தகரத்தையும் வரைந்த எண்ணற்ற ஓவியர்க்கும் நேர்ந்துள்ளது. கொண்டையராஜுவின் கையொப்பம் பல படங்களில் இருந்ததனால் அவரை நாம் அறிகிறோம். கையொப்பமிட இடமில்லாத விரலளவுப் படங்களை வரைந்தவரை அறியும் வழி, அச்சகக் குறிப்பு ஒன்றே. அதுவோ தாளின் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். ஓரம் போனால் அதுவும் போகும்.

நாட்காட்டி என்னும் ஆவணம்

வெட்டப்படாத ஒரு தோட்டத்து நாட்காட்டி எத்தகையது? மேலே தெய்வப் படம். அடுத்துக் கடைப் பெயர். அதன்கீழ் மாதத் தாள்களோ நாள்தாள் கட்டோ. தமிழர் கடை நாட்காட்டியாயின் இராகு காலமும் எமகண்டமும் கார்த்திகையும் சஷ்டியும் இருக்கும். சீனர் கடை நாட்காட்டியாயின், குதிரைப் பந்தய நாள்கள் குதிரைப் படத்தால் குறிக்கப்பட்டிருக்கும். சீன நாளும் இஸ்லாமிய நாளும் தமிழ் நாளும் ஒரே கட்டத்தில் அடங்கியிருக்கும். மூவினத்தாரின் காலக்கணக்கும் ஒரே சதுரத்துக்குள் அமைதியாக இடம்பெற்ற அச்சுப் படைப்பு வேறெது என எண்ணிப் பார்த்தல் தகும்.

இவற்றுக்கும் மேலாக, அத்தாள்களில் வீட்டாரின் கையெழுத்து இருக்கும். பெரட்டுக்குப் போன நாள்கள், மழையால் வெட்டு நின்ற நாள்கள், பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய தொகை, பிள்ளைக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள், மருத்துவமனைக்குத் திரும்பச் செல்ல வேண்டிய நாள், கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் ஆகிய யாவும் அங்கேயே குறிக்கப்பட்டன. தோட்ட நிருவாகத்தின் வரலாற்றைக் கிராணியின் ஏடுகள் சொல்லும். தொழிலாளியின் வரலாற்றை அவரே எழுதிய இடம் பல வேளைகளில் இந்நாட்காட்டி ஒன்றுதான். நாட்குறிப்பு எழுதும் வழக்கமில்லாத ஒரு சமூகத்தில் இக்குறிப்புகளின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இரப்பருக்குப் பதிலாகச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் கைமாறியபோதும், இளையோர் குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் சென்றபோதும் லயங்கள் காலியாயின. பெட்டி கட்டும்போது மக்கள் சட்டமிட்ட சாமிப் படத்தை எடுத்துக்கொண்டனர். பழைய நாட்காட்டிக் கட்டை விட்டுச் சென்றனர். கண்ணாடி உடைந்த படங்களைக் கோயில் மரத்தடியில் வைத்துவிடும் மரபும் நமக்குண்டு. ஆகவே, பக்தி காத்தது ஒரு பகுதி. எஞ்சிய பகுதியைக் காக்க எவரும் பொறுப்பேற்கவில்லை.

எதைச் சேகரிப்பது? எவ்வாறு சேகரிப்பது?

இத்தகைய பொறுப்பை ஏற்ற ஒருவரைத் தமிழுலகம் கண்டுள்ளது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். அவர் நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி, நாடக அறிவிப்புத் தாள்களையும் திருமண அழைப்பிதழ்களையும் பிறர் வீசியெறியும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுதி பிரிக்கப்படாமல் காக்கப்பட்டு, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. இர்விங் பிளம் 32 ஓவியங்களைப் பிரிக்காமல் காத்ததற்கும் இதற்கும் உள்ள ஒப்புமை கருதத்தக்கது. வேறுபாடும் உண்டு. பிளம் காத்தது ஏற்கெனவே கலைஞர் ஒருவர் ஒப்பமிட்ட தொகுதி. முத்தையா காத்தவற்றுக்கு ஒப்பமிடக் கலைஞர் எவரும் இலர். விளம்பர எழுத்தை எழுதிப் பழகிய கைக்கு அதன் அருமை தெரிந்திருந்தது போலும்.

இவ்விரு முன்மாதிரிகளையும் கொண்டு, அன்றாட அச்சுகளைச் சேகரிக்க விழைவோர்க்குச் சில அளவுகோல்களை முன்வைக்கலாம்.

முதலாவது, முழுமை. கடைப் பட்டை, அச்சகக் குறிப்பு, தகரப் பட்டை, மாதத் தாள் ஆகியவற்றோடு கூடிய கிழிந்த நாட்காட்டி, ஓரம் வெட்டிய புத்தம்புதுப் படத்தைவிட மதிப்பு மிக்கது. ஏற்கெனவே வெட்டிச் சட்டமிட்ட படமாயின், அவ்வெட்டையும் அப்படியே வைத்தல் வேண்டும். அது பக்தியின் சான்று.

இரண்டாவது, இடம். எவ்வூரில், எவ்வகை வீட்டில், எந்தச் சுவரில், எவற்றின் அருகில் தொங்கியது என்னும் குறிப்பு இல்லாத அச்சு, பெயரில்லாத புகைப்படம் போன்றது. படத்தைச் சுவரிலிருந்து இறக்குமுன் சுவரோடு சேர்த்து ஒரு புகைப்படம் எடுத்துவைப்பது இன்று கையில் கைப்பேசி உள்ள எவருக்கும் இயலும்.

மூன்றாவது, கையெழுத்து. பென்சில் குறிப்புகளை அழுக்கெனத் துடைத்துவிடுவது பெரும் பிழை. குடும்பத்தாரிடம் அக்குறிப்புகளின் பொருளைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அவற்றுள் பிறர் அறியக்கூடாத செய்தி இருப்பின், குடும்பத்தாரின் இசைவின்றி வெளியிடலாகாது.

நான்காவது, காப்பு. நம் நாட்டின் ஈரக்காற்றில் தாள் எளிதில் பூசணம் பிடிக்கும். இராமபாணப் பூச்சி அரிக்கும். தகரப் பட்டையின் துரு தாளைக் கறைப்படுத்தும். நெகிழித் தாளிட்டு வெப்பத்தால் ஒட்டுவதைப் பலரும் காப்பெனக் கருதுகின்றனர். ஒருமுறை ஒட்டியபின் தாளைப் பிரிக்க இயலாது என்பதால் அது காப்பன்று. மடிக்காமல், சுருட்டாமல், வெயில் படாமல், அமிலமற்ற தாள்களுக்கிடையே தட்டையாக வைப்பதே நல்லது.

இங்கு எழக்கூடிய ஒரு மறுப்பையும் கருத வேண்டும். வாழும் பொருளைக் கூடத்தில் வைத்தால் அது உயிரிழந்துவிடாதா, பாட்டியின் முருகன் சுவரில் இருப்பதன்றோ சிறப்பு எனக் கேட்கலாம். இம்மறுப்பு நியாயமானதே. சட்டமிட்ட முருகனை அச்சுவரிலிருந்து எவரும் இறக்க வேண்டியதில்லை. அதற்குக் காவலர் வீட்டிலேயே உள்ளனர். நாம் கேட்பதெல்லாம் காவலரற்ற தாள்களை: தட்டுமுட்டுச் சாமான்களுக்கிடையே கிடக்கும் பழைய நாட்காட்டிக் கட்டை, பிஸ்கட் தகரத்துக்குள் கிடக்கும் தீப்பெட்டிப் படங்களை, எழுதி முடிந்த 555 புத்தகத்தை.

முடிவுரை

பாப் கலை, அன்றாடப் பொருளுக்குச் சுவரில் இடம் தந்தது. அதன் அச்சுகளை வாங்கிச் சேர்ப்போர் நல்ல கண் உடையோர் என்பதில் ஐயமில்லை. எனினும் அக்கண் பொருளின் முகத்தோடு நின்றுவிடாமல், அதன் பின்புறத்தையும் ஓரத்தையும் நோக்குமாறு பயிற்றுவது திறனாய்வின் கடனாகும். காஹாங் போன்ற ஊர்களில் அன்றாடப் பொருளின் அச்சு நெடுங்காலமாகச் சுவரில்தான் இருந்தது. அதனை மாட்டியவர்கள் கலை என்று சொல்லவில்லை, விலையும் கேட்கவில்லை. கலை என்று சொல்லாததனாலேயே அது சேகரிப்பாரின்றிப் போயிற்று.

மலேசிய இந்திய ஆய்வுகளில் கல்வெட்டுக்கும் சுவடிக்கும் இலக்கியத்துக்கும் உரிய இடம் தரப்படுவது முறையே. அவற்றின் அருகில், தோட்டத்துக் கடை தந்த ஒரு நாட்காட்டிக்கும் இடம் தரலாம். பல்கலைக்கழக மாணவர் பலர் இன்றும் தோட்டப்புறப் பின்னணியிலிருந்து வருகின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு தாளை, ஓரம் வெட்டாமல், அது தொங்கிய சுவரின் குறிப்போடு கொண்டுவந்தால் சில ஆண்டுகளில் ஒரு தொகுதி உருவாகிவிடும். அதற்கு ஆகும் பொருட்செலவு மிகச் சிறிது. காலந்தான் குறைவாக உள்ளது. கடைப் பெயரை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இருக்கும்போதே அப்பணி தொடங்கப்பெறுதல் நலம்.